குதிரைமேல் நிமிர்ந்து உட்காரக் கற்றுத்தர வாருங்கள்: பிரித்தானியாவில் பணிபுரியும் தமிழ் இயன்முறை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

பிரித்தானியாவின் மருத்துவமனைகளிலும் சிறப்புப் பள்ளிகளிலும் முதியோர் இல்லங்களிலும் பிசியோதெரபிஸ்டுகளாகப் பணிபுரியும் தமிழர்களாகிய உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இந்த மடலை எழுதுகிறேன். உங்கள் ஊருக்கு அருகில் மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றக் குழு ஒன்று பெரும்பாலும் இருக்கும். மாதத்தில் ஓரிரு மணி நேரம் அங்கே வாருங்கள். சவாரி செய்பவர்கள் குதிரைமேல் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை உங்கள் தொழிற்கண்ணால் பார்த்து, அவர்களுக்குத் துணையாக நடக்கும் எங்களைப் போன்ற தன்னார்வலர்களுக்கு எங்கே கை வைக்க வேண்டும், எப்போது கையை எடுக்க வேண்டும் என்று சொல்லித் தாருங்கள்.

நான் ஆர்.டி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ‘ரைடிங் ஃபார் த டிசேபிள்டு அசோசியேஷன்’ அமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவில் தன்னார்வலர். 1969இல் தொடங்கிய இந்த அமைப்பின்கீழ் இந்நாட்டில் நானூறுக்கும் மேற்பட்ட குழுக்கள் இயங்குகின்றன. குதிரையைப் பற்றி நன்கு அறிந்த பயிற்றுநர்களும், மழையிலும் சேற்றிலும் தவறாமல் வரும் தன்னார்வலர்களும் இவற்றில் இருக்கிறார்கள். சில குழுக்களுக்கு இயன்முறை மருத்துவரின் துணையும் வாய்த்திருக்கிறது. எங்கள் குழுவைப் போன்ற பலவற்றில் அது இல்லை. குதிரையின் உடலை அறிந்தவர் இருக்கிறார், சவாரி செய்பவரின் உடலை அறிந்தவர் இல்லை என்பதுதான் எங்கள் நிலை. சேர்க்கைப் படிவத்தில் ‘செரிப்ரல் பால்சி’, அதாவது பெருமூளை வாதம், என்று ஒரு வரி எழுதப்பட்டிருக்கும். அந்த ஒரு வரிக்குள் தசைகள் இறுகி இரு கால்களும் கத்தரிபோல் பின்னிக்கொள்ளும் சிறுமியும் அடக்கம், உடல் துவண்டு தலையை நிறுத்தவே பாடுபடும் சிறுவனும் அடக்கம், ஒரு கையும் ஒரு காலும் மட்டும் ஒத்துழைக்காத இளைஞரும் அடக்கம். மூவருக்கும் ஒரே குதிரையையும் ஒரே சேணத்தையும் ஒரே வகைப் பிடியையும் கொடுத்துவிட்டு, மூவரிடமும் “நேராக உட்காருங்கள்” என்று சொல்வதில் என்ன பயன் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

குதிரையின் நடை ஏன் உடலுக்கு நல்லது என்பதைக் குதிரைப் பக்கமே வந்திராத வாசகர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். குதிரை நடக்கும்போது அதன் முதுகு மேலும் கீழும், முன்னும் பின்னும், இடமும் வலமும் என மூன்று வகையாக ஒரே நேரத்தில் அசைகிறது. அது ஒரு பின்னங்காலை முன்னே வீசும்போது அந்தப் பக்க முதுகு சற்றுத் தாழ்கிறது. மேலே இருப்பவரின் இடுப்புக்கூடும் அந்தப் பக்கம் தாழ்ந்து, சற்றே திரும்பி, மீண்டும் நிமிர்கிறது. மனிதர் தம் காலால் நடக்கும்போது இடுப்புக்கூடு ஏறத்தாழ இதே வகையில்தான் அசையும். ஆகவே வாழ்நாளில் ஓர் அடிகூட நடந்திராத குழந்தையின் இடுப்பும் முதுகும், நடையின் தாளத்தை நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை உணர்கின்றன. இருபது நிமிடச் சவாரியில் அது இரண்டாயிரம் முறை. ஒவ்வொரு அசைவுக்கும் நடுவுடல் தன்னைத்தானே திருத்திக்கொண்டாக வேண்டும். உங்கள் சிகிச்சை அறையில் பந்தின் மேலோ அசையும் பலகையின் மேலோ ஒரு குழந்தையை உட்காரவைத்து இவ்வளவு அசைவுகளைத் தருவதற்குள் குழந்தையும் சலித்துவிடும், நீங்களும் களைத்துவிடுவீர்கள். குதிரைமேல் இருக்கும் குழந்தை இன்னும் ஒரு சுற்று வேண்டும் என்றுதான் கேட்கிறது.

ஆனால் இந்தப் பயன் தானாகக் கிடைத்துவிடுவதில்லை. இடுப்புக்கூடு பின்புறம் சரிந்து, முதுகு கூன்போட்டு, வால் எலும்பின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குக் குதிரையின் அசைவு முதுகெலும்பு வழியே மேலே ஏறாமல் இடுப்பிலேயே முட்டி நின்றுவிடுகிறது. அவர் இருபது நிமிடமும் அந்தக் கூனையே பழகிக்கொள்கிறார். பழக்கம் நல்லதா கெட்டதா என்று தசை பிரித்துப் பார்ப்பதில்லை என்பது உங்கள் தொழிலின் அடிப்படைப் பாடம்.

எந்தக் குதிரை என்பதிலிருந்தே உங்கள் தேவை தொடங்குகிறது. உட்தொடைத் தசைகள் இறுகியிருக்கும் ஒருவரை அகன்ற முதுகுள்ள கோப் வகைக் குதிரைமேல் ஏற்றினால், கால்கள் அந்த அளவுக்கு விரிய முடியாததால் இடுப்புக்கூடுதான் பின்னே சரிந்து இடம் தருகிறது. அவருக்கு ஒடுங்கிய முதுகுள்ள மட்டக்குதிரையே பொருத்தம். உடல் துவளும் குழந்தைக்கு நேர்மாறாக அகன்ற முதுகு நல்ல அடித்தளமாகிறது. மெதுவான, சீரான நடை இறுக்கத்தைத் தளர்த்துகிறது. துவளும் உடலுக்குச் சற்று விரைந்த நடையும், அடிக்கடி நின்று மீண்டும் புறப்படுவதும் விழிப்பைத் தருகின்றன. சேணத்தை நீக்கிவிட்டு ஆட்டுரோம விரிப்பின்மேல் உட்காரவைத்தால் குதிரையின் உடற்சூடு தொடைகளில் நேரடியாகப் படுகிறது. குதிரையின் உடல் வெப்பம் நம்முடையதைவிடச் சற்று அதிகம், 38 டிகிரி செல்சியஸை ஒட்டியது. அதே விரிப்பு, பிடிமானம் தேவைப்படும் இன்னொருவருக்கு ஆபத்தாகவும் முடியலாம். இப்படித் தேர்ந்தெடுக்க வேண்டியவற்றை எங்கள் பயிற்றுநர்கள் அனுபவத்தால் ஓரளவு ஊகிக்கிறார்கள். அந்த ஊகம் எத்தனை முறை சரியாக அமைகிறது என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

சவாரி செய்பவர் பாதம் ஊன்றும் வளையமான அங்கவடியின் நீளமும் அப்படித்தான். அதைத் தொங்கவிடும் வார் நீளமாக இருந்தால் பாதம் அங்கவடியைத் தேடிக் கீழ்நோக்கி நீள்கிறது. முன்பாதம் அழுத்தப்பட்டதும் கால் முழுவதும் விறைத்து, இடுப்பு சேணத்திலிருந்து பின்னே தள்ளப்படுகிறது. வாரை இரண்டு துளை ஏற்றினாலே குதிகால் இறங்கி முழங்கால் மடங்கிவிடுபவர்களும் உண்டு, அங்கவடியே இல்லாமல் சவாரி செய்ய வேண்டியவர்களும் உண்டு. யார் எந்த வகை என்பது அவர்களுடைய கணுக்காலைக் கையில் பிடித்து மடக்கிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

இனி நான் மிகவும் கவலைப்படும் செய்திக்கு வருகிறேன். அது எங்கள் கைகளைப் பற்றியது. சவாரி செய்பவரின் இரு பக்கமும் ஆளுக்கொருவராக நடந்து வருபவர்களை இங்கே ‘சைடு வாக்கர்’ என்பார்கள். விழுந்துவிடக் கூடாது என்ற அச்சத்தால், புதிதாக வரும் சைடு வாக்கர் குழந்தையை நெல்மூட்டையை அணைப்பதுபோல முதுகைச் சுற்றிக் கையிட்டுப் பிடித்துக்கொள்கிறார். அந்தக் கை எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவுக்குக் குழந்தையின் நடுவுடல் வேலைசெய்வதை நிறுத்திக்கொள்கிறது. சில வாரங்களில் குழந்தை அந்தக் கையைத் தேடிச் சாயத் தொடங்கிவிடுகிறது. இடுப்பு வாரைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் மோசம். இரு பக்கமும் நடப்பவர்களில் ஒருவர் உயரமாகவும் மற்றவர் குட்டையாகவும் இருந்தால், குட்டையானவர் தம்மை அறியாமலேயே சவாரி செய்பவரைத் தம் பக்கம் கீழே இழுத்துக்கொண்டே நடக்கிறார். மேலே இருப்பவர் விழாமலிருக்க எதிர்ப்பக்கம் சாய்கிறார். அந்தச் சாய்வைப் பார்த்த பயிற்றுநர் “நேராக உட்கார்” என்கிறார். தவறு கீழே நடப்பவருடையது, திருத்தம் மேலே இருப்பவருக்குச் சொல்லப்படுகிறது.

தொடையின் குறுக்கே முன்கையை வைத்துச் சேணத்தின் முன்பகுதியைப் பற்றிக்கொள்ளும் பிடி ஒன்று இருக்கிறது. அது இடுப்பைக் கீழே நிலைநிறுத்தி, அதற்கு மேலுள்ள உடலைத் தன் வேலையைத் தானே செய்ய விடுகிறது. பயிற்சியில் எங்களுக்கும் அது சொல்லித் தரப்படுகிறது. ஆனால் எவ்வளவு அழுத்த வேண்டும், எந்தச் சுற்றில் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், எப்போது அதையும் எடுத்துவிட்டு வெறுமனே பக்கத்தில் நடந்தால் போதும் என்பவற்றைத் தாளில் எழுதிக் கற்பிக்க முடியாது. உங்கள் கையை எங்கள் கைமேல் வைத்துக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். உதவியைக் கூட்டுவது எல்லாருக்கும் தெரியும். அதை அளந்து குறைப்பது உங்கள் கல்லூரியில் கற்பித்த கலை, எங்களுக்குக் கைவராதது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பக்கவாதத்தால் வலப்பக்கம் பலவீனமடைந்த பெரியவர் ஒருவர் குதிரைமேல் எப்போதும் இடப்பக்கமே எடை வைத்து உட்கார்வார். வலப்பக்க விலா சுருங்கி, வலது இடுப்பு மேலே தூக்கிக்கொண்டிருக்கும். தோளை நிமிர்த்தச் சொன்னால் தோளை மட்டும் நிமிர்த்துவார், இடுப்பு அப்படியே இருக்கும். அவருடைய உறவினரான ஓர் இயன்முறை மருத்துவர் ஒருநாள் வேடிக்கை பார்க்க வந்தவர், அடுத்த சில சுற்றுகளை இடப்பக்கமாகப் பெரிய வட்டங்களாகப் போகும்படி கேட்டுக்கொண்டார். இடப்பக்கம் வட்டமிடும்போது உடலின் எடை வெளிப்பக்கமான வலப்பக்கத்துக்குத் தள்ளப்படுகிறது. வலது உட்காரும் எலும்பின்மேல் எடை இறங்கியதும், சுருங்கியிருந்த வலப்பக்கம் நீண்டால்தான் அவரால் நிமிர்ந்திருக்க முடியும். யாரும் எதுவும் சொல்லாமலே அது மெல்ல நீண்டது. அந்த வட்டத்தை நாங்கள் வாரந்தோறும் இட்டுக்கொண்டுதான் இருந்தோம், ஆனால் பயிற்சித்திடலில் போக்குவரத்து நெரிசல் ஏற்படாமலிருக்க வேண்டும் என்பதற்காக அனைவரையும் ஒரே திசையில் ஓட்டினோம். வட்டம், பாம்புபோல் வளைந்து செல்லும் பாதை, நின்று புறப்படுதல், சிறு சரிவில் ஏறி இறங்குதல் என எங்கள் கையில் இருக்கும் ஒவ்வொன்றும் உங்கள் பார்வையில் ஒரு மருந்து. எதை யாருக்கு எந்த அளவில் கொடுப்பது என்பதைத்தான் நீங்கள் வந்து சொல்ல வேண்டும்.

இந்தத் துறையின் வரலாறே உங்கள் தொழிலோடு பின்னிக் கிடக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல் 1944இல் இளம்பிள்ளைவாதத்தால் தாக்கப்பட்டார். முழங்காலுக்குக் கீழே வலு திரும்பவே இல்லை. பிறர் தூக்கி ஏற்றிவிட வேண்டிய நிலையில் இருந்த அவர், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் டிரெஸாஜ் என்னும் குதிரைநடைப் போட்டியில் மாற்றுத்திறன் இல்லாதவர்களோடு மோதி வெள்ளிப் பதக்கம் வென்றார். பெண்கள் அப்போட்டியில் அனுமதிக்கப்பட்ட முதல் ஒலிம்பிக் அதுதான். 1956இலும் அதே பதக்கத்தை மீண்டும் வென்றார். இந்நாட்டின் சோஃபி கிறிஸ்டியன்சன், செரிப்ரல் பால்சியோடு வளர்ந்த குழந்தை, ஆறு வயதில் உடற்பயிற்சிக்காக ஆர்.டி.ஏ. குழு ஒன்றில் குதிரையேறத் தொடங்கி, பாராலிம்பிக் தங்கங்களைக் குவித்தவர். 2012 இலண்டன் போட்டியில் மட்டும் மூன்று தங்கம்.

பதக்கங்களைக் காட்டி உங்களை அழைப்பது என் நோக்கமன்று. எங்கள் குழுவில் சவாரி செய்பவர்களில் பெரும்பாலோர் எந்தப் போட்டிக்கும் போகப்போவதில்லை. நான் சுட்டிக்காட்ட விரும்புவது வேறொன்று. பாரா டிரெஸாஜ் போட்டிகளில் சவாரியாளர்கள் ஐந்து தரங்களாகப் பிரிக்கப்படுகிறார்கள். மிகக் கடுமையான குறைபாடு உள்ளவர்கள் முதல் தரத்தில் நடை மட்டுமே செய்து காட்டுகிறார்கள். அப்படித் தரம் பிரிப்பதற்கு ஒவ்வொரு மூட்டின் அசைவையும், தசையின் வலுவையும், உடலின் ஒருங்கிணைவையும் அளந்து பார்ப்பவர்கள் மருத்துவர்களும் இயன்முறை மருத்துவர்களுமே. பல ஆண்டுகள் பயின்று உச்சிக்குப் போனவரின் உடலைப் பார்க்க முறையான ஏற்பாடு இருக்கிறது. முதன்முதலாகச் சேணத்தில் ஏறும் ஐந்து வயதுக் குழந்தையின் உடலைப் பார்க்கப் பல குழுக்களில் ஆளே இல்லை. கூன் விழுவதும், ஒரு பக்கம் சாய்வதும், தவறான பிடிக்குப் பழகுவதும் அந்த வயதில்தானே தொடங்குகின்றன?

பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். டவுன் நோய்க்குறி உள்ள சிலருக்குக் கழுத்தின் முதலிரண்டு எலும்புகளுக்கிடையே உறுதி குறைவாக இருக்கும். புதிதாகத் தோன்றும் கழுத்துவலி, நடையில் தடுமாற்றம், கையின் வலு குறைதல், சிறுநீர்க் கட்டுப்பாடு மாறுதல் போன்ற அறிகுறிகள் வந்தால் சவாரியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இடுப்பு மூட்டு நழுவும் நிலையில் உள்ள குழந்தை, முதுகெலும்பின் பக்கவளைவு வேகமாகக் கூடிவரும் பதின்பருவத்தினர், எலும்பு மெலிந்த முதியவர், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் ஆகியோருக்குச் சவாரி தகுமா, எவ்வளவு தகும் என்பது படிவத்தில் கட்டத்தை நிரப்பித் தீர்க்கும் கேள்வி அன்று. முகத்தில் வலி தெரியாத, வாயால் சொல்லவும் இயலாத ஒருவரின் தொடை திடீரென இறுகுவதை எங்களில் எத்தனை பேர் கவனிப்போம்?

உங்கள் பக்கத் தயக்கங்களை நான் ஓரளவு அறிவேன். சான்று என்ன என்று கேட்பீர்கள். செரிப்ரல் பால்சி உள்ள குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளில் உட்கார்ந்த நிலையின் கட்டுப்பாடும் பெருந்தசை இயக்கமும் மேம்பட்டதாகப் பல காட்டுகின்றன. ஆனால் அவற்றில் பங்கேற்றவர்கள் குறைவு, காலமும் குறுகியது, பயன் எவ்வளவு நாள் நீடிக்கிறது என்பதில் தெளிவு போதாது. இதை மறைத்து உங்களை அழைக்க நான் விரும்பவில்லை. அளந்து பார்க்க ஆளில்லாத இடத்தில் சான்று எப்படிச் சேரும் என்றும் கேட்கிறேன். நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் அளவுகோல்களில் ஒன்றைச் சவாரிப் பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்துப் பார்த்தாலே, குறைந்தது அந்த ஒருவருக்குப் பயன் உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும். பயன் இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள். அவர் மகிழ்ச்சிக்காகச் சவாரி செய்யட்டும், சிகிச்சை என்ற பெயர் அதற்கு வேண்டாம்.

குதிரையைப் பற்றி எதுவும் தெரியாதே என்பது அடுத்த தயக்கம். தெரிய வேண்டியதில்லை. குதிரையைப் பிடிக்க ஒருவர், வகுப்பை நடத்த ஒருவர் எப்போதும் இருப்பார்கள். உறுதியான காலணி அணிந்து, குதிரையின் பின்புறமாகப் போகாமல், பயிற்றுநர் சொல்லும் இடத்தில் நின்றால் போதும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை உங்கள் தொழிலுக்கான பதிவு மன்றமாகிய எச்.சி.பி.சி.யில் பதிவைப் புதுப்பிக்கும்போது நீங்கள் காட்ட வேண்டிய தொடர்கல்விக் கணக்கில் தன்னார்வப் பணியில் கற்றதையும் சேர்த்துக்கொள்ளலாம். பின்னணிச் சரிபார்ப்புக்கான டி.பி.எஸ். நடைமுறையைக் குழுவே முன்னின்று செய்துதரும். உங்கள் தொழிற்காப்பீடு இத்தகைய பணிக்கும் பொருந்துமா என்பதை மட்டும் உங்கள் சங்கத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வேலைப்பளுவைப் பற்றி நான் எதுவும் சொல்லத் துணியவில்லை. வாரம் முழுதும் நோயாளிகளைத் தூக்கி நிறுத்திவிட்டு ஓய்வு நாளிலும் அதையே செய்யச் சொல்வது நியாயமா என்று கேட்டால் என்னிடம் விடையில்லை. ஆகவேதான் மாதத்துக்கு ஓரிரு மணி நேரம் என்று கேட்கிறேன்.

ஒரு வேண்டுகோளையும் முன்வைக்கிறேன். பயிற்சித்திடலைச் சிகிச்சைக் கூடமாக ஆக்கிவிடாதீர்கள். குதிரையின் அசைவையே மருந்தாக வைத்து இயன்முறை மருத்துவரே நடத்தும் ஹிப்போதெரபி என்ற முறை தனியாக இருக்கிறது, அதில் சவாரி செய்பவர் குதிரையை ஓட்டக் கற்பதில்லை. எங்களிடம் வருபவர்கள் ஓட்டக் கற்க வருகிறார்கள். வாரத்தில் பல நாட்கள் யாரோ ஒருவர் தம் கைகால்களை மடக்கி நீட்டுவதைப் பொறுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு, தன் சொல்லுக்கு ஒரு பெரிய விலங்கு நடப்பதும் நிற்பதும் கிடைத்தற்கரிய இன்பம். “நிமிர்ந்து உட்கார்” என்பதைவிட “குதிரையின் இரு காதுகளுக்கும் நடுவே தூரத்தில் தெரியும் அந்த மரத்தைப் பார்” என்பது அதே பயனைத் தரும், ஆட்டமும் கெடாது. தசையின் பெயர்களை எங்களிடம் சொல்லுங்கள், பிள்ளையிடம் மரத்தைக் காட்டுங்கள்.

தமிழராகிய உங்களைத் தனியே விளித்து எழுதக் காரணம் உண்டு. நான் பார்த்த அளவில் இக்குழுக்களுக்கு நம் குடும்பங்கள் அரிதாகவே வருகின்றன. குதிரையேற்றம் செல்வந்தர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணமும், ஏற்கெனவே நடக்க முடியாத பிள்ளையை உயரத்தில் ஏற்றுவதா என்ற அச்சமும் காரணமாக இருக்கலாம். அந்த அச்சத்தைப் பயிற்றுநரின் ஆங்கில விளக்கம் போக்காது. பிள்ளையின் உடலை அறிந்த ஒருவர், வீட்டிலுள்ள பாட்டியிடமும் தாத்தாவிடமும் தமிழில் உட்கார்ந்து பேசினால் போக்கலாம். குதிரையில் பெற்றதை வீட்டில் காப்பாற்ற எந்த நாற்காலியில், எந்த உயரத்தில், பாதம் எங்கே ஊன்றும்படி பிள்ளையை உட்காரவைக்க வேண்டும் என்பதையும் நீங்கள்தான் சொல்ல முடியும். வாரத்தில் அரைமணி நேரம் குதிரைமேல் நிமிர்ந்திருந்து, மீதி நேரமெல்லாம் மெத்தை நாற்காலியில் புதைந்துகிடந்தால் முதுகு எதைக் கற்றுக்கொள்ளும்?

நீங்கள் வந்தால் எங்களுக்கு நீண்ட அறிக்கை வேண்டாம். ஒவ்வொருவரைப் பற்றியும் ஓர் அட்டையில் சில வரிகள் எழுதித் தாருங்கள். எந்தப் பக்கம், எங்கே, எவ்வளவு பிடிக்க வேண்டும், அங்கவடி எத்தனையாவது துளையில் இருக்க வேண்டும், எந்தத் திசையில் வட்டமிட வேண்டும், எந்த அறிகுறி தெரிந்தால் உடனே இறக்கிவிட வேண்டும் என்பவை போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த அட்டையை எடுத்துப் பார்த்துத் திருத்துங்கள். உங்கள் பகுதியிலுள்ள குழுவின் முகவரியை ஆர்.டி.ஏ.வின் இணையதளத்திலேயே தேடிக்கொள்ளலாம். குழுவைத் தொடர்புகொள்ளும்போது, ‘இயன்முறை மருத்துவர், சவாரி செய்பவர்களின் அமர்வு நிலையைப் பார்க்க விரும்புகிறேன்’ என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் வழக்கம்போல உங்கள் கையிலும் லாயம் கூட்டும் துடைப்பத்தைக் கொடுத்துவிடுவார்கள்.

நன்றியுடன்,
ஆர்.டி.ஏ. குழு ஒன்றின் தமிழ்த் தன்னார்வலர்